முன்சீட்டில் இருந்தவள்

பழைய கார்களின் கண்காட்சிக்குக் கிளம்பும்போதே சின்னவள் ஒரு முடிவோடுதான் கிளம்பினாள். இன்றைக்குக் கணவர் அந்தக் கதையை எடுத்தால் தலையாட்டப் போவதில்லை.

அறுபத்தொரு வயதில் என்ன சின்னவள் என்று கேட்கலாம். பிறந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். பெரியவள் என்று ஒருத்தி இருந்ததால் இவள் சின்னவள். பெரியவள் போய் நாற்பத்திரண்டு வருடம் ஆயிற்று. பெயரைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கணவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவரின் வாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசியே பழகிய மனிதர். பதில் வராமல் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு ருசிக்கும். கிளினிக்கை மூடிய பிறகு, பரண்மேல் கிடந்த பெட்டி ஒன்றை இறக்கினார். காரில் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் ரெக்கார்ட் பிளேயர். கேசட் எல்லாம் வருவதற்கு முந்தின காலத்துச் சமாசாரம். சின்ன இசைத்தட்டை அதன் வாயில் செருகினால் உள்ளே இழுத்துக்கொண்டு பாடும். பல் சுரண்டும் கம்பிகளாலேயே துருவைச் சுரண்டி, வேறு யாரையும் தொட விடாமல், எட்டு மாதம் அதன் வாய்க்குள்ளேயே குனிந்து கிடந்து பாட வைத்துவிட்டார். பழைய காரிலேயே மறுபடி மாட்டியும் விட்டார்.

பெட்டிதான் பரண் ஏறியிருந்தது. கதை ஏறவே இல்லை. விருந்தாளி வந்தால் போதும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே நாங்க கார்ல சுத்துவோம். நான் ஓட்டுவேன், தட்டுப் போடறது இவ வேலை. ஒரு நாள் ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டோம். ஒரே பாட்டை ஏழு தடவை போட்டா! கேட் திறந்தும் வண்டியை எடுக்க விடல. பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சு அடிச்சே ஓஞ்சு போயிட்டான்."

எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவள் தலையாட்டுவாள்.

ஏழு தடவை போட்டது நிஜம். போட்டவள் அக்கா. அவருக்கு நிச்சயமானவளும் அக்காதான். தனியாக அனுப்ப மனமில்லாமல் வீட்டில் தங்கையைத் துணைக்கு ஏற்றி அனுப்பினார்கள். பின்சீட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் ஒரு காது, பின்னல், வலது முழங்கை, அவ்வளவுதான். சாலையில் குழி வந்தால் முள் துள்ளிப் பாட்டு எகிறும். "அமுக்கிப் பிடி" என்பார் அவர். அக்கா உள்ளங்கையால் பெட்டியை அமுக்கிக்கொள்வாள். அந்த இரண்டு வார்த்தையில் அவர் குரல் குழைந்து கிடக்கும். அதே நேரத்தில் அக்காவின் இடது கை, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் பின்னால் வந்து சின்னவளின் முழங்காலைக் கிள்ளும். நீயும் இருக்கிறாய், மறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்தக் கிள்ளல் அவருக்குத் தெரியாது. அவர் கதையில் அது வந்ததும் இல்லை.

மஞ்சள் காமாலை. ஒன்பதே நாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பத்திரிகையில் மணப்பெண் பெயரை மட்டும் மாற்றி மறுபடி அச்சடித்தார்கள். அக்காவுக்குத் தைத்த ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார்கள். சின்னவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு ஆறாதது அதுதான்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம், நண்பர் வீட்டில் கதை சொல்லும்போது அவர் முதல் தடவையாக அக்காவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இவளை உட்கார வைத்தார். வாய் தவறிவிட்டது என்று நினைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. முன்சீட்டு கிடைத்துவிட்டதே! அன்று தலையாட்டியவளால் அப்புறம் நிறுத்த முடியவில்லை.

ஆனால் இன்று பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். வாயால் சொன்னது காற்றோடு போகும். அச்சில் வந்துவிட்டால், அக்கா அந்தக் காரில் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்.

மைதானத்தில் கார்கள் வரிசையாகப் பளபளத்தன. நிருபர் பெண் குறிப்பேட்டைத் திறந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். சுற்றிப் பத்துப் பேர் கூடினார்கள். ஏழாவது தடவைக்கு வந்ததும் சிரிப்பு கிளம்பியது. சின்னவள் தலையாட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

"அம்மா, நீங்களே ஒரு தட்டுப் போட்டுக் காட்டுங்களேன். படம் எடுத்துக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

"போடும்மா, போடு" என்று அவர் கதவைத் திறந்துவிட்டார்.

சின்னவள் முன்சீட்டில் உட்கார்ந்து தட்டைச் செருகினாள். உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. அவள் விடவில்லை. கறகறவென்று ஒரு சத்தம். தட்டு கோணலாகச் சிக்கிக்கொண்டது.

"ஐயோ! அது இழுக்கறப்போ கையை விட்டுடணும்னு தெரியாதா?" என்று கத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "வயசாயிடுச்சு பாருங்க. மறந்து போயிட்டா."

"மறக்கல" என்றாள் சின்னவள். "இதை நான் தொட்டதே இல்ல. எங்க அக்காதான் முன்னாடி உட்கார்ந்திருந்தா. நான் பின்சீட்டு."

நிருபர் பெண் பேனாவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் எதை எழுதட்டும்?"

"நடந்ததை எழுதும்மா."

அவர் முகம் கருத்துப்போயிற்று. "நாப்பது வருஷமா ஊர் முன்னாடி உன்னை முன்சீட்டுல உட்கார வச்சேன். அதுகூடப் பொறுக்கலையா உனக்கு?"

ஆக, வாய் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். தனக்கு அவர் போட்ட பிச்சை அது என்று சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"காரைப் பத்தி மட்டும் எழுதிக்கறேன் சார்" என்று அந்தப் பெண் குறிப்பேட்டை மூடிக்கொண்டு அடுத்த காருக்குப் போனாள். அவர் கதையும் அச்சில் வரவில்லை, அக்காவும் வரவில்லை.

திரும்பும்போது சின்னவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அவர் சிக்கிய தட்டை நெம்பி எடுத்து, துடைத்து, தானே செருகினார். ஓரம் கொஞ்சம் கீறியிருந்தாலும் பாடியது. ஏழு தடவை போட்ட அதே பாட்டு. பேசாமல் இருக்க வசதியாக இருந்தது.

முனையில் திரும்பியதும் ஒரு குழி. வண்டி குலுங்கியது, முள் துள்ளிப் பாட்டு எகிறியது. அவர் கண் சாலையிலேயே இருந்தது. இடது கை மட்டும் காலி சீட்டுப் பக்கம் நீண்டது.

"அமுக்கிப் பிடி."

குரல் குழைந்திருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலில் அவர் சின்னவளிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இப்போதும் அவளிடம் பேசவில்லை.