மூன்று நிமிட மணி

அந்தச் சட்டசபைக்குள் உறுப்பினராக நுழைந்த முதல் பெண் அவர். முதல் நாள் வாசல் காவலர், பார்வையாளர் மாடிக்குப் படி அந்தப் பக்கம் என்று அன்பாக வழிகாட்டினார். முப்பது வருஷம் கழித்து அதே சபைக்குச் சபாநாயகர் ஆன பிறகும் அந்த அன்பு உள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டுதான் இருந்தது.

நடுவில் எல்லாமே மல்லுக்கட்டு. பெண்களுக்கு ஒரு தனி அறை கேட்டு வாங்க எட்டு வருஷம். இன்றைக்கு அறை, நாளைக்கு அடுப்படி கேட்பார்கள் என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்தது. கடைசியில் கட்டடத்தின் பின்கோடியில், இரண்டு படிக்கட்டு தாண்டி, பழைய காகிதம் குவிந்து கிடந்த இடத்தை ஒழித்துக் கொடுத்தார்கள். கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொண்டார்.

இன்று அந்த அறையில் அவருடைய மருமகள் இருந்தாள். தையல் ஆலைச் சங்கத்திலிருந்து வந்து, மாமியார் தயவில்லாமல் தேர்தலில் ஜெயித்து உறுப்பினரானவள். பிள்ளை பெற்ற ஆலைப் பெண்களுக்குச் சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு என்ற மசோதா அவள் கொண்டுவந்ததுதான். அவளுக்கே மூன்று மாதக் கைக்குழந்தை. காலையிலிருந்து பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. இன்னும் நாலு பேர் பேச வேண்டியிருக்கிறதே என்ற தைரியத்தில், அந்த அறையில் விட்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போனாள்.

அந்த நாலு பேரும் பேசவில்லை. எதிர்க்கட்சிக் கொறடா அவளுடைய காலி இருக்கையை ஒரு பார்வை பார்த்தார்; உடனே வாக்கெடுப்பு வேண்டும் என்றார். சபை விதி அவர் பக்கம் இருந்தது.

உறுப்பினர்களை வாக்கெடுப்புக்கு அழைக்கும் மணி அடிக்க ஆரம்பித்தது. மூன்று நிமிடம். ஓய்ந்ததும் கதவைப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் யார் வந்தாலும் திறக்கக் கூடாது.

அவர் சபாநாயகராகப் பதவியேற்ற முதல் வாரமே சபைச் செயலாளர் ஒரு கோப்போடு வந்திருந்தார். பின்கோடி அறையிலிருந்து நடந்து வர ஐந்து நிமிடம் ஆகிறது, மணியை ஆறு நிமிடமாக்கலாம், ஒரு கையெழுத்து போதும் என்றார். பொம்பளை வந்ததும் மணியை நீட்டிவிட்டாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று இவருக்குப் பயம். நாங்கள் ஓடி வந்துவிடுவோம் என்று சிரித்துக் கோப்பை மூடினார். அன்று அது கம்பீரமாகத்தான் இருந்தது.

மணி ஓய்ந்தது.

"கதவைப் பூட்டுங்க" என்றார். குரல் பிசிறவில்லை.

பெயர்களை வாசிக்கத் தொடங்கியபோது வெளியே உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. பலமாகக்கூட இல்லை, தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை.

ஒரு ஓட்டில் மசோதா தோற்றது. அவள் ஓட்டு விழுந்திருந்தால் சமம். சமமானால் சபாநாயகருக்கு ஒரு ஓட்டு உண்டு. தன் வாழ்நாளெல்லாம் அந்த ஒன்றுக்குத்தானோ என்றுகூட அவர் காலையில் நினைத்திருந்தார்.

சபை கலைந்ததும் மருமகள் அவர் அறைக்கு வந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பாதிப் பால்லயே பிடுங்கிட்டு ஓடி வந்தேன் அத்தை. படியில கால் தடுக்கிருச்சு. அந்தப் பொண்ணுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? எல்லாம் என்னாலதான்."

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். இத்தனை வருஷ அரசியல் அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. குழந்தை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது.

"உன்னால இல்லம்மா" என்றார். "மணியை ஆறு நிமிஷமாக்கலாம்னு கோப்பு வந்துது. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம்."

"ஏன்?"

அவர் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று காதில் விழுந்தது.

மருமகள் அழவில்லை. அவரைப் பார்த்தாள், முதல் தடவை பார்ப்பவளைப்போல. பிறகு குனிந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"குழந்தையைக் கொடுங்க" என்றாள்.