லைனில் இருங்கள்

எங்கள் ஆபீசில் எனக்கு 'ஐஸ் அக்கா' என்று பெயர். பிரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போனில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களைக் குளிர வைப்பதுதான் என் வேலை. "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று ஆரம்பித்துவிட்டு, ஹெட்செட் ஒயரில் இருக்கும் மியூட் பட்டனை அழுத்திவிடுவேன். அவர்கள் பாட்டுக்குக் கத்துவார்கள். நானும் பக்கத்து சீட்டுக்காரியும் சீரியல் கதை பேசுவோம். இதை வீட்டில் நடித்துக்காட்டித் தம்பியைச் சிரிக்க வைத்ததும் உண்டு. அடுத்தவர் மனசறிந்து பேசுகிறேன் என்று மேனேஜர் கொடுத்த கேடயம் வேறு மேஜையில் நிற்கிறது.

இன்று சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில் தம்பி கூப்பிட்டான். வேலையை விட்டுவிட்டு, சரியான தூக்கம்கூட இல்லாமல், மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்தவன். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி மனநல டாக்டரைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். கூட வருகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று காலையில் கைவிரித்துவிட்டேன். கேட்டால்தானே கிடைக்கும்? நான் கேட்கவே இல்லை.

செல்போனைக் காதில் வைத்தேன். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது.

"அக்கா, டாக்டர் ரூமுக்கு வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கேன். பயமா இருக்கு. உள்ள போய் என்னன்னு சொல்றது?"

சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டான்.

"உன் கஷ்டம் புரியுதுடா" என்றேன். என் விரல் தானாகப் போய் ஹெட்செட் ஒயரில் மியூட்டை அழுத்தியது. பக்கத்து சீட்டுக்காரியிடம் திரும்பினேன்.

"என் தம்பிதான். மறுபடியும் ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டான். எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கான் பாரு!"

அவள் முகம் மாறியது. என் காதிலிருந்த செல்போனையும் கையிலிருந்த ஒயரையும் மாறி மாறிப் பார்த்தாள். அட கடவுளே, அந்தப் பட்டனுக்கும் இந்த போனுக்கும் என்ன சம்பந்தம்!

அங்கே அழுகை நின்றுவிட்டது.

"ஒப்பாரி முடிஞ்சிருச்சுக்கா. நீ வேலையப் பாரு. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"டேய், இருடா! போயிடாத!"

அந்த பெஞ்சு வரைக்கும் வர அவன் என்ன பாடு பட்டான் என்று எனக்குத் தெரியும். இப்போது எழுந்து போனால் மறுபடி வரமாட்டான். ஏதாவது சொல்லியாக வேண்டும். ஊரார் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வாரி இறைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தாலும் ஆபீஸ் குரலில்தான் வரும் என்று பயந்தேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். கேடயத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்தேன்.

போனில் யாரோ ஒரு டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. இருக்கிறானா, போய்விட்டானா?

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? இப்பவாவது சரியான மியூட்டப் போட்டியா?"

"இல்லடா" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. மேனேஜர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தேம்பினேன். "ரொம்பக் கேவலமா பேசிட்டேன்டா. உனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."



"சரி, அழு" என்றான். "என் நம்பர் வர்ற வரைக்கும் லைன்லதான் இருப்பேன்."