கறுப்புக் கட்டையை மாற்றுவதா?

தௌனோ காபி குடிக்க வீட்டுக்கு வந்தால் நல்ல செய்தி இருக்காது. நல்ல செய்தியை போனிலேயே சொல்லிவிடுவான். அந்த ஆகஸ்ட் மாலை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியில் இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டு, ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஹில்க்கா, இந்த வருஷம் நீ சூப் வேலையை எடுத்துக்கிறியா?"

தௌனோதான் எங்கள் மூஸ் மான் வேட்டைக் குழுவின் தலைவன். மற்றவர்கள் விடியும் முன்பே காட்டில் அவரவர் இடத்தில் போய் உட்கார, ஒருவர் மட்டும் குடிசையில் இருந்து பெரிய பானையில் இறைச்சி சூப் வைக்க வேண்டும். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் சதுப்பு ஓரத்து மரக் கோபுரம் பல வருடங்களாக என்னுடைய இடம். அதைப் பிடுங்கிக்கொண்டு கரண்டியைக் கையில் கொடுப்பது வேறு விஷயம்.

"என் சூப்பை யாரும் இதுவரைக்கும் புகழ்ந்ததில்லையே. திடீர்னு என்ன ஆச்சு?" என்றேன்.

"கோவப்படாத. போன வருஷம் நடந்தது உனக்கே தெரியும். வயசும் ஆகுது. எனக்கும்தான் ஆகுது."

"அப்ப நீ வை சூப்பை."

என் கணவன் ஓஸ்மோ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். தௌனோ தொப்பியை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லு என்று கிளம்பினான். காபிக்கு நன்றி சொன்னான். அது வேறு எரிச்சலாக இருந்தது.

போன வருடம் நடந்தது இதுதான். இளம் ஆண் மான் ஒன்று சதுப்பின் அந்தப் பக்கம் வந்து பக்கவாட்டில் நின்றது. அவசரமே இல்லை. கோபுரத்தின் மரக் கைப்பிடியில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை விட்டு, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாகக் குறி பார்த்ததில்லை என்னும்படி பார்த்துச் சுட்டேன். மான் விழுந்தது. நான் தொப்பியைக் கழற்றுவதற்குள் எழுந்தது. காட்டுக்குள் போய்விட்டது. குண்டு முதுகின் மேல்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. ஓஸ்மோ எங்கள் சாம்பல் நிற நாயோடு அதைத் தேடி நடந்து, மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அதன் வேதனையை முடித்துவைத்தான். வீட்டுக்கு வந்து அவன் பேசாமல் பூட்ஸைக் கழற்றிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மிருகத்தைக் காயப்படுத்தியவர் குடிசைக்கு வந்ததும் "என் குண்டு" என்று மட்டும் சொல்ல வேண்டும். காற்று, வெளிச்சம், துப்பாக்கி என்று எதையும் இழுக்கக் கூடாது. மற்றவர்களும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு கோப்பை காபியை ஊற்றி முன்னால் வைப்பார்கள், அவ்வளவுதான். கேள்விப்படுகிற வெளியூர்க்காரர்கள் இதைப் பெரிய பண்பு என்று மெச்சுவார்கள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். என் முறை வந்தபோது தலை நிமிர்ந்து சொன்னேன், "என் குண்டு."

எனக்கு முன்னால் அப்படிச் சொன்னவன் பெர்த்தி, தௌனோவின் தம்பி. அவன் காயப்படுத்திய பெண் மானை இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, குழுவின் குடிசைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். பிறகு வேட்டைக்கு வரவில்லை. அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை.

தௌனோ போன பிறகு ஓஸ்மோ சொன்னான், "துப்பாக்கியோட கட்டையை மாத்திடு."

பிளாஸ்டிக்தான் என்றாலும் நாங்கள் கட்டை என்றே சொல்வோம். குழலுக்கு அடியில் கை தாங்கும் பகுதியும் தோளில் பதியும் பகுதியும் சேர்ந்த கறுப்பு வார்ப்பு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது. தௌனோ பேரம் பேசி, குழுவில் பாதிப் பேருக்கு ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிக்கொடுத்தது. மழைக்குக் கெடாது, பனிக்குக் கெடாது, தட்டினால் சோப்பு டப்பா மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குக் கொஞ்சம் நீளமும் அதிகம். ஆறடி ஆளுக்குச் செய்தது.

"மாத்தினா என்ன சொல்லுவாங்க? கிழவி தப்பாச் சுட்டுட்டு துப்பாக்கி மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க," என்றேன்.

"சொல்லட்டுமே."

"நீ நாய் வளக்குறவன். நாய் ஒண்ணும் சொல்லாது. உனக்கு என்ன தெரியும்?"

அவன் சிரித்துக்கொண்டே கேக் சுடும் காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்துவந்தான். துப்பாக்கியை மேசையில் வைத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தை விட்டு இழுத்தான். நுனியிலிருந்து அடிவரை வழுக்கிக்கொண்டு போனது. குழலைக் கட்டை எங்கேயும் தொடவில்லை என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான்.

"பாத்தியா? கட்டையில ஒண்ணும் இல்ல. என் மேலதான் குறை," என்றேன். துப்பாக்கியில் குறை இருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆசையைக் கண்டு எனக்கே வெட்கமாகப் போனது.

ஓஸ்மோ விடவில்லை. "அன்னிக்கு எப்படி உக்காந்த? அப்படியே காட்டு."

எங்கள் நீராவிக் குளியல் அறையான சவுனாவுக்கு முன்னால் இருக்கும் மரக் கைப்பிடி ஏறக்குறைய கோபுரத்தின் உயரம். அங்கே உட்கார்ந்தேன். கட்டை நீளமாக இருப்பதால் துப்பாக்கியை முன்னால் தள்ளிப் பிடிப்பேன். அதனால் அதன் நுனிதான் கைப்பிடியில் படும். மான் தூரத்தில் நின்றதென்றால் அசையாமல் இருக்க உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்துவேன். பயிற்சித் திடலில் இப்படிச் சுடுவதில்லை. அங்கே மணல் மூட்டை, அதுவும் துப்பாக்கியின் நடுப்பகுதிக்கு அடியில்.

"அப்படியே இரு," என்று காகிதத்தை விட்டான். நுனியிலேயே சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. நான் அழுத்தத்தை விட்டேன், வந்தது. அழுத்தினேன், சிக்கியது. மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து குழலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அக்கறையில்லாதவன் கையில் தூக்கிப் பிடித்துச் சுட்டால் சரியாகப் போகும். அக்கறையாகச் சாய்த்து அழுத்துகிறவர் குண்டுதான் மேலே போகும்.

நான் அழுதேன். முதலில் நிம்மதிக்கு அழுதேன், பிறகு அந்த மானுக்கு.

கண்ணைத் துடைத்ததும் ஓஸ்மோ வழி சொன்னான். "நல்ல மரக்கட்டை ஒண்ணு ஆர்டர் பண்ணு, உன் கைக்கு அளவெடுத்து. யாருகிட்டயும் மூச்சு விடாத. சூப் வைக்க மாட்டேன்னு தௌனோகிட்ட சொல்லிடு. அக்டோபர்ல ஒரே குண்டுல மானை விழ வச்சா, அவன் வாய் தானா அடைஞ்சிடும்."

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. சாக்குச் சொன்னாள் என்ற பேச்சே வராது. கட்டை ஏன் மாறியது என்று யாராவது கேட்டால், அழகுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கடையின் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தும்விட்டேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அதே கடை, அதே நாள் என்ற நினைப்பு வந்தது. குழுவில் பாதிப் பேர் கையில் இருப்பது இதே கறுப்புக் கட்டை. என்னுடையதை மட்டும் மாற்றிக்கொண்டு கோபுரத்தில் ஏறினால், அடுத்த மான் யாருடைய கைப்பிடியில் காத்திருக்கிறது? போனை வைத்துவிட்டேன்.

கோபுரங்களைப் பழுது பார்க்கக் குழு கூடிய செப்டம்பர் சனிக்கிழமை, தௌனோவைத் தனியாக என் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். ஓஸ்மோவும் வந்தான். நான் உட்கார்ந்து சாய்த்து அழுத்தினேன். ஓஸ்மோ காகிதத்தைத் தௌனோவின் கையில் கொடுத்தான்.

"ஹில்க்கா, நம்ம குழுவில இதெல்லாம் பேசுறதில்ல," என்றான் தௌனோ.

"நான் பேசல. நீ இழு."

இழுத்தான். மறுபடியும் இழுத்தான். காகிதம் கிழிந்தது.

"நீதான் ரொம்ப அழுத்துற," என்றான்.

"உன் துப்பாக்கியைக் கொண்டுவா. நீயே உக்காரு. நீ எவ்வளவு அழுத்துறேன்னு பாப்போம்."

அவன் முகம் சிவந்தது. ஆனாலும் வண்டிக்குப் போய் எடுத்துவந்தான். உட்கார்ந்து, சாய்த்து, பல வருடப் பழக்கத்தில் தோளை இறக்கினான். இந்த முறை நான் காகிதத்தை விட்டேன். சிக்கியது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. காகிதம் நின்ற இடத்தை அவன் கை உணர்ந்திருக்க வேண்டும்.

"பெர்த்தி எப்படிச் சுட்டான்? சாய்ச்சா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"உன் தம்பி. நீ அவனைக் கேக்கவே இல்லையா?"

"நாம கேக்கறதில்லையே," என்றான் தௌனோ. அதைச் சொன்னபோது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நேரே பெர்த்தி வீட்டுக்குப் போனோம், மூவரும் தௌனோவின் வண்டியில். பெர்த்தி முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றாமல் நின்றான். தௌனோ வாய் திறப்பதாக இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. கோபுரம், கைப்பிடி, காகிதம் என்று எல்லாவற்றையும் நானே கொட்டினேன்.

பெர்த்தி முழுவதும் கேட்டான். பிறகு உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்தான். அதே துப்பாக்கி. கட்டை மட்டும் வால்நட் மரம்.

"அந்தக் குளிர்காலமே கண்டுபிடிச்சேன்," என்றான். "அதே மாதிரி காகிதத்தை விட்டுத்தான். உடனே மாத்திட்டேன். இதை வச்சு எங்கயும் போகல. மாத்தி மட்டும் வச்சேன்."

என் ரத்தம் கொதித்தது. "தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மான் அன்னிக்கு நின்ன இடத்துலயே விழுந்திருக்கும்டா!"

"சொன்னா சாக்குன்னு சொல்லியிருப்பீங்க."

நான் மறுக்க வாய் திறந்தேன். அதற்குள் தௌனோ சொன்னான், "ஆமா. சொல்லியிருப்பேன்."

பெர்த்தி கையுறையைக் கழற்றி விறகின் மேல் வைத்தான். என் பக்கம் திரும்பி, "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டுச்சா?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வேண்டியவன் ஓஸ்மோதான், அந்த மானைத் தேடி நடந்தவன் அவன். "காலையிலேர்ந்து, வெளிச்சம் போற வரைக்கும்," என்றான்.

பெர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அன்று கடைக்காரர் போனை எடுத்திருந்தால் நானும் அவனைப் போலவே ஆகியிருப்பேன் என்று தெரிந்தும் வரவில்லை.

திரும்பும் வழியில், பால் பண்ணை வளைவு தாண்டியதும், தௌனோ சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "கோபுரம் உனக்குத்தான். கட்டையை மட்டும் மாத்திடு. எல்லாரும் மாத்தணும். நானே இன்னிக்குக் குடிசையில சொல்றேன்."

ஒரு மாதமாக நான் ஏங்கிக்கிடந்த வார்த்தை. வந்தபோது நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. விறகுக் குவியலுக்கு முன்னால் கையுறையில்லாமல் நின்ற ஆளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவனை வேட்டைக்குக் கூப்பிடலையா நீ?" என்றேன்.

"வரமாட்டான். எனக்குத் தெரியும் அவனை."

"எனக்கும் தெரியும், வரமாட்டான்னு. அதுக்காகக் கேக்காம இருப்பியா?"

அடுத்த பேருந்து நிறுத்தத்தில் தௌனோ வண்டியைப் பெர்த்தி வீட்டுப் பக்கம் திருப்பினான்.