வெற்றிலை வைக்காத கல்யாணம்

மீன் பையோடு நெடுஞ்சாலை ஓரம் நின்ற அண்ணப்பனிடம் தபால்காரர் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். கார்வாரில் இருக்கும் தங்கை மூகாம்புவின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் அண்ணப்பன். அவருக்கே தபாலில் பத்திரிகை! வீடு தேடி வந்து ஐந்து வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்து அழைக்காத கல்யாணத்துக்கு அவர் ஊரான மரவந்தெயில் நாய்கூடப் போகாது.

அந்த நேரம் பார்த்துக் கார்வார் பஸ் வந்தது. பத்திரிகையைத் தங்கை மூஞ்சியில் எறிந்துவிட்டுத் திரும்புவது என்று ஏறிவிட்டார்.

"அஜ்ஜா, மீனோட எறங்கு. நாறுது," என்றான் கண்டக்டர்.

"காலையில வந்த அயிலைடா. நாறுறது உன் சட்டை."

"நாலு மணி நேரம் போகணும். பட்கல் ஊரைத் தாண்டுறதுக்குள்ள ஜனங்க என்னை அடிப்பாங்க."

"அடிக்கட்டும். டிக்கெட்டைக் கிழி."

பஸ்ஸே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் இடது பக்கம் கடல் கூடவே வந்தது. அதையும் முறைத்தார்.

ஹொன்னாவரத்தில் பஸ் நின்றபோது, கூடைக்காரியிடம் வெற்றிலை வாங்கி மென்றார். காரம் மண்டைக்கு ஏறியது. இந்த இலை அவர் ஊர்ச் சந்தையில் கிடைக்காது. ஆனால் போன மாதம் இதையே மென்றிருக்கிறார். கோழிக்கட்டுச் சேவல் சண்டையில் பணம் தோற்று வீடு திரும்பிய அன்று, சாமி படத்தின் முன்னால் தட்டில் பாக்கோடு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வைத்திருப்பாள் என்று எடுத்து மென்றுவிட்டார். இப்போது அதற்கென்ன? ஜன்னலுக்கு வெளியே எட்டித் துப்பினார். பின்சீட்டுக்காரன் கத்தினான். இவரும் கத்தினார். அங்கோலா வரை கத்தினார்கள்.

கார்வாரில் மூகாம்பு கதவைத் திறந்ததும் பத்திரிகையை வாசலில் எறிந்தார்.

"தாய்மாமனைத் தபால்லயா கூப்பிடுவே?"

"தபால்ல போட்டது நாளு ஞாபகத்துக்கு. நேர்ல நான் வரலையா? உன் வீட்டு வாசல்ல பகல் பூரா உக்காந்திருந்தேன். துரை கோழிக்கட்டுக்குப் போயிட்டீரு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, சாமி முன்னால வெத்தலை வெச்சுட்டு வந்தேன்."

தான் மென்றது அதைத்தான் என்று அண்ணப்பனுக்கு உறைத்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அதுல பேசினா எவனாவது பேங்க் காசை உருவிடுவான்னு அணைச்சுப் பொட்டியில வெச்சிருக்கியே, அதுக்கா பண்ணச் சொல்றே? தட்டுல வெத்தலை இருந்தா யாரு வெச்சதுன்னு கேக்க மாட்டியா?"

"எந்த வெத்தலை? நான் ஒண்ணையும் பாக்கலை."

"சரி, பாக்காதவரு திரும்பிப் போலாம். ஒருதரம் வெச்ச வெத்தலையை நான் மறுபடி வெக்க மாட்டேன். பொண்ணை வேற யாராவது கூட்டிட்டு வரட்டும்."

கதவைச் சாத்தப் போனாள். அண்ணப்பன் காலை உள்ளே நீட்டித் தடுத்தார்.

"வேற எவன்டி அவ கையைத் தொடுறது? நீ வெச்ச பாக்கு சொத்தைடி! கடவாய்ப் பல்லு போச்சு எனக்கு! நல்ல பாக்கா பாத்து வெக்கத் துப்பில்லே, பேச வந்துட்டா!"

மூகாம்பு கதவை விட்டாள்.

"மீனை இங்க கொண்டா," என்றாள். "தூ, அழுகிப்போச்சு."

"உன்னாலதான்!" என்று கத்திக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றினார்.