வெயிலில் காய்ந்த மண்

அன்று மோட்டார் அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: அண்ணன், தம்பி, தம்பி மனைவி, மண் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்த பெண் அதிகாரி.

அண்ணனின் தக்காளி மூன்றாவது போகமாக வாடிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்த வயலில் அவர் வேறொன்றும் வைத்ததில்லை. சந்தையில் அவர் தக்காளிக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதை விட மனமில்லை. மண்ணிலிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுதான் காரணம் என்று கேள்விப்பட்டதுமே, அது தம்பி வயலிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டினார். பொது மோட்டார்த் தண்ணீர் அந்த வயலைத் தாண்டித்தான் அவருக்கு வரும். தம்பியோ சோளம், உளுந்து, கடலை என்று போகத்துக்கொரு பயிர் மாற்றுகிறவன். அவன் மண்ணில் புழு இருந்தால் அவன் மடையை அடைத்துவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். சோளம் கதிர் வாங்குகிற நேரம். தண்ணீர் நின்றால் பயிர் போயிற்று. மண்வெட்டியோடுதான் வந்து நின்றார்.

"தம்பி வயல்ல இருபத்துமூணு வகை நூற்புழு. உங்க மண்ணுல ஒண்ணுகூட இல்ல" என்றார் அதிகாரி.

"கேட்டியாடா? வயல் வெச்சிருக்கியா, புழுச் சந்தை நடத்துறியா? இப்பவே அடைக்கிறேன் மடைய."

"அவ்வளவு சுத்தமான மண்ணுல செடி ஏன் மாமா சாகுது? வெக்கப்பட்டா?" என்றாள் தம்பி மனைவி.

"வாய அடக்கச் சொல்லுடா அவள."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுண்ணே" என்றான் தம்பி.

அதிகாரி தாளை மடித்தார். "புழுவே இல்லாத வயல் கிடையாதுங்க. மண்ண எப்படி எடுத்தீங்க?"

"உரத்துக்குப் பார்க்கக் குடுக்கிற மாதிரிதான். நாலு நாள் வெயில்ல காயவெச்சு, இடிச்சு, சலிச்சு." அண்ணன் நிமிர்ந்து சொன்னார். அந்த வேலையில் அவரைக் குறை சொன்னவர் இல்லை.

"ஐயா, உயிரோட இருக்கிறத எண்ணத்தான் மண்ணு கேட்டோம். ஈரத்தோட கட்டிக் குடுக்கணும். பொணத்தக் கொண்டாந்து காய்ச்சல் இருக்கான்னு கேக்குறீங்களே!"

தம்பி மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணனுக்குக் காது மடல் சுட்டது.

"உங்க தம்பி வயல்ல இருக்கிறது முக்காவாசி நல்லது" என்றார் அதிகாரி. " பூஞ்சையத் தின்னும், ஒண்ணையொண்ணு தின்னும். எதுவும் தலையெடுக்க முடியாது. தக்காளியே போட்டா தக்காளி வேரத் தின்கிறது மட்டும்தான் பெருகும். வாங்க, வேரையே பார்ப்போம்."

நால்வரும் அண்ணன் வயலுக்கு நடந்தார்கள். தம்பி முதலில் போய்ச் செடிகளுக்கு நடுவே நின்றான். அண்ணன் அவன் காலடியில் குனிந்து, வாடிய செடியொன்றை மண்வெட்டியால் கெல்லி எடுத்தார். வேரெங்கும் கொத்துக் கொத்தாய் முடிச்சு.

"இதோ, புழு புகுந்து கட்டின முடிச்சு" என்றார் அதிகாரி.

"இப்ப யாரு மடைய அடைக்கிறது?" என்றான் தம்பி.

அண்ணன் ஈர மண்ணைப் பையில் அள்ளிக் கட்டி அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, தம்பியைப் பாராமல் போனார். மடையை அவர் தொடவில்லை. அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை பேச்சில்லை.

அவர் தம்பி காலில் விழுந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். விழவில்லை. செடியைக் கெல்லக் குனிந்தார்.