நாலு இன்ச் உயரம்

"அப்பாவ இங்கியே கூட்டிகினு வந்துடட்டுமா கலா?"

"எப்படிங்க? நம்ம கக்கூஸ்ல மாமாவால உக்காந்து எழுந்திரிக்க முடியுமா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சுரங்கக் கம்பெனியின் இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸில், சமையலறையில் நடந்த பேச்சு இது. கேட்டவர் சிங்காரவேலு. பதில் சொன்னவள் அவர் மனைவி சந்திரகலா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். பக்கவாதம் வந்த அவருடைய அப்பா நெல்லிக்குப்பத்தில் இளைய மகன் வீட்டிலேயே இருந்தார். ஒன்றரை வருஷத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சிங்காரவேலு அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஓய்ந்திருக்கலாம் என்று சந்திரகலாவுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

அவள் சொன்னது பொய்யில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தது இண்டியன் டாய்லெட்தான். ஆனால் அதன்மேல் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் நாற்காலி கடைத்தெருவில் கிடைக்கும் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.

இப்போது அவளுடைய அம்மாவின் முறை. சங்கரன்கோவிலில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன தை மாதம் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துச் சமதரையில் நடக்கிறாள். படி மட்டும் ஏற முடியாது. அந்த வீட்டு டாய்லெட்டுக்கு இரண்டு படி. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள், காலையிலும் மாலையிலும்தான் தூக்கிவிட ஆள் உண்டு. போன மாதம் பார்க்கப் போனபோது, கொடுத்த தண்ணீரை அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தாள். ஏன் என்றதற்கு, "குடிச்சா போவணும்லா" என்று சிரித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் விருத்தாசலம் வரைக்கும் சந்திரகலாவின் காதில் அந்தச் சிரிப்புதான் இருந்தது.

சிங்காரவேலுவுக்கு வரும் மே மாதம் ரிடையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போக மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: ஹாலிலிருந்து படியே இல்லாமல் போகிற மாதிரி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். ஏன் என்று அவர் கேட்டபோது முட்டி வலி என்று சொல்லிவிட்டாள். அவருடைய அப்பாவை வேண்டாம் என்ற வாயால் தன் அம்மாவை எப்படிக் கேட்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை டாய்லெட் கோப்பையை உட்கார வைக்க பிளம்பர் சின்னதுரை வந்தான். கீழே பார்த்தான், டேப்பை வைத்துப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். கான்கிரீட் தரைக்கு மேலே பைப்பின் அகன்ற வாய் நாலு இன்ச் எழும்பி நின்றது. டைல்ஸ் போட்டாலும் அதில் பாதிகூட மறையாது.

"யாரு அக்கா இத இவ்ளோ ஒசரமா வச்சது? மேஸ்திரியா?"

மேஸ்திரி சரியாகத்தான் வைத்திருந்தார். கான்கிரீட் போட்ட அன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த சிங்காரவேலு, சிமெண்ட் பால் உள்ளே இறங்கிவிடும் என்று பயந்து, மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் பைப்பைத் தூக்கிக் கல் முட்டுக் கொடுத்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷம் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். அங்கே பைப்பின் வாய் எப்போதும் சேற்றுக்கு மேலே நிற்க வேண்டும். கை அதைத்தான் செய்தது. இப்போது அவரே அதைச் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சார், இது மைன்ஸ் இல்ல, பாத்ரூமு" என்றான் சின்னதுரை. "இதுமேல கோப்பைய வச்சா அக்கா ஏணி போட்டுகினுதான் ஏறணும்."

மேலாக அறுத்துவிட முடியாதா என்று அவள் கேட்டாள். வாய்க்கு அடியிலேயே பெண்டு என்ற வளைவுத் துண்டு இருக்கிறது, அறுத்தால் கோப்பையைச் சொருக இடம் இருக்காது என்றான். சிங்காரவேலு சுலபமான வழி ஒன்று சொன்னார். கோப்பைக்கு அடியில் நாலு இன்ச் மேடை கட்டிவிடலாம், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி.

"வேணாங்க" என்றாள் சந்திரகலா. "மேடை வேணாம். தரையோட தரையா இருக்கணும்."

"நாலு இன்ச்சு கலா. ஒரு செங்கல் ஒசரம். அதுகூடவா ஏற முடியாது உன்னால?"

அவர் அவளுடைய முட்டியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

வெளியே கழிவுத் தொட்டிவரைக்கும் சின்னதுரை தண்ணீர் டியூப்பை வைத்து மட்டம் பார்த்தான். பைப்பை இறக்கினாலும் ஓட்டத்துக்கு வாட்டம் போதும், ஆனால் பெண்டைச் சுற்றிக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், புதுப் பெண்டு வேண்டும் என்றான். அதை வாங்க வண்டியில் கிளம்பினான். உடைப்பது அவனுடைய வேலை, ஆனால் அவன் திரும்பி வரும்வரை சிங்காரவேலுவால் காத்திருக்க முடியவில்லை. தப்பு தன்னுடையது என்று உளியையும் சுத்தியலையும் எடுத்துக் குந்தி உட்கார்ந்தார்.

கான்கிரீட் பொடிப்பொடியாகத்தான் பெயர்ந்தது. ஐம்பத்தொன்பது வயது முதுகில் வியர்வை தூசியோடு குழைந்து ஓடியது. இரண்டு தடவை சுத்தியல் வழுக்கிக் கட்டைவிரலில் பட்டது. அவர் விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். அவள் சில்லுகளைப் பொறுக்கிப் பாண்டுச் சட்டியில் போட்டாள். ஒரு தடவை பாண்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக எழுந்துவிட்டாள்.

"மெதுவா எழுந்திரி. முட்டி" என்றார் அவர்.

அவளுக்கு முகம் சுட்டது. பேசாமல் இருந்துவிடலாம். டாய்லெட் எப்படியும் தயாராகிவிடும். நாலு மாதம் கழித்து, பார்க்க வந்தவள்போல அம்மா வருவாள், பிறகு தங்கிவிடுவாள். அவர் அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் பெண்டு முழுசாக வெளியே தெரிந்தது. அவர் உளியைக் கீழே வைத்து, முன்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"அவ்ளோதான். இன்னும் ரெண்டு மணி நேர வேலதான். உனக்கு இனிமே கஷ்டமில்ல."

"எனக்கு முட்டி வலி இல்லீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பவுமே இல்ல. பொய் சொன்னேன்." அவள் பாண்டை இறக்கி வைத்தாள். கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கு இடமில்லன்னு சொன்னவ நான். அன்னைக்கு மனசு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

வெளியே சின்னதுரையின் வண்டி இன்னும் வரவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் இனி எப்போதும் வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு எதிரே, உடைந்த தரைமேலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க முடியாதுன்னு சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன், அதுக்கு எனக்கு உரிமையில்ல. ஆனா கேக்காம இருக்க முடியல. எங்கம்மாவ நம்மகூட வச்சுக்கலாமாங்க?"