மைக்காத் தரையில் இரண்டு வாளி

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் லாரிக்குப் பாடி கட்டுகிற தச்சர். சங்ககிரிப் பட்டறைகளில் அவர் பெயரைச் சொன்னால் ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்வார்கள். அவர் போட்ட பலகைத் தளத்தில் மூட்டையைப் பிரித்து நெல்லைக் கொட்டினாலும் ஒரு மணி கீழே சிந்தாது. அந்தப் பெருமை வீட்டுக்குள் வந்ததில்தான் எனக்குக் குலை நடுங்கியது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி என் கையில் இருந்த வாளி.

எண்பத்து நாலாம் வருஷம் வைகாசியில் எங்கள் பூங்கொடி தவழ ஆரம்பித்தாள். உள்ளறைத் தரை பழைய சிமெண்டு. அங்கங்கே பெயர்ந்து பொருக்குப் பொருக்காகக் கிடக்கும். அறையை நாலு சுற்றுச் சுற்றினால் பிள்ளையின் முட்டியில் தோல் இருக்காது. நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ற புள்ள முட்டியா, ஜல்லி ரோடா?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். தரையைப் போட்டது நான் இல்லை, அவருடைய அப்பா என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை.

அந்தச் சமயம் பார்த்து பம்பாயிலிருந்து வந்த லோடு ஒன்றில் மைக்கா ஷீட்டுகள் மூலை உடைந்துபோய், கடைக்காரன் வேண்டாம் என்று திருப்பிவிட்டான். மேசை மேலே ஒட்டுவார்களே, மர வரி போட்டு வழவழவென்று, அந்த மைக்கா. சல்லிசாகக் கிடைக்கிறது என்று பத்து ஷீட்டைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார்.

"மேசைக்கு ஒட்டறதத் தரைக்கு ஒட்டுனா தரை கோவிச்சுக்குமா?" என்றார்.

ஆள் வைக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரே குந்தி உட்கார்ந்து செய்தார். மரத்தூளை அமுக்கிச் செய்த ஹார்ட்போர்டைச் சாண் அகலத்துக்கு அறுப்பது, பசை தடவி மைக்காவை ஒட்டுவது, அப்புறம் லாரித் தளத்துக்குப் பலகை கோப்பதுபோல ஒன்றோடு ஒன்று சுத்தியால் தட்டி இறுக்குவது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் குண்டூசி நுழைய இடம் இல்லை. பசை நாற்றத்தில் எனக்கு மூன்று வாரம் தலைவலி.

"ஊட்டுக்கு நாலு டயரும் மாட்டிட்டீங்கன்னா பம்பாய்க்கே ஓட்டிட்டுப் போயிறலாமுங்க" என்றேன்.

"பேசு பேசு. முடியட்டும், அப்பறம் பாரு."

முடிந்தது. பார்த்தேன்.  பக்கத்து வீட்டுப் பாவாயியக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆற்றில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே வந்தது. பூங்கொடியைக் கேட்கவே வேண்டாம். வயிற்றைத் தரையில் வைத்துச் சறுக்கிக்கொண்டே இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடினாள். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு உத்தரவுதான் போட்டார்.

"வசந்தா, இதுமேல தண்ணி மட்டும் ஊத்திறாத. ஈரத்துணில தொடச்சாப் போதும். அடியில இருக்கறது போர்டு. தண்ணி குடிச்சா ஊதிப்போயிரும்."

"வெள்ளிக்கெழமைக்கு?"

"வெள்ளிக்கெழமைக்கும் அது போர்டுதான்."

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டைக் கழுவி, சாணித் தண்ணீர் விட்டு வழித்து மெழுகி, நிலைக்கு மஞ்சள் பூசி, சாயங்காலம் விளக்கு வைக்க வேண்டும். சிமெண்டுத் தரையாக இருந்தாலும் கரைத்த சாணி ஒரு கை படாமல் நான் விட்டதில்லை. மூன்று வெள்ளிக்கிழமை துணியால் துடைத்தே ஓட்டினேன். நாலாவது வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் இறங்கும், ராத்திரி மறுபடி ஏறும்.

பாவாயியக்கா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. "மூணு வெள்ளியாச் சாணி படாத ஊடு. புள்ளைக்குக் காச்ச வராம வேற என்ன வரும், சாமி?" என்று சொல்லிவிட்டு அதுபாட்டுக்குப் போய்விட்டது. எனக்குத்தான் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பயம் முன்வாசலில் வந்தால் புத்தி புறவாசலில் போய்விடும்.

ஆடி முதல் வெள்ளி. எட்டு மணிக்கு அவர் பட்டறைக்குப் போன கையோடு இரண்டு வாளி தண்ணீரில் சாணியை மெலிசாகக் கரைத்தேன். பின்சுவரிலிருந்து ஊற்றி, சீமாரால் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து வெளியேற்றினேன். இரண்டு தடவை துணி போட்டு ஒற்றி எடுத்தேன். பத்து மணிக்கு மைக்கா முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. 'ஊதிப்போயிருமாம்! எங்கே ஊதுச்சு?' என்று மனசுக்குள் அவரைக் கேலி செய்தேன். மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மணிக்குக் கதவோரம் ஒரு பலகை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. காலால் அமுக்கினேன், அடங்கியது. நாலரை மணிக்குக் கதவு தரையில் உரசியது. தள்ளினேன், போனது. அவர் வந்ததும் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாய் அன்றைக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு உள்ளறையில் சாமி படத்துக்கு முன்னால் மணைப்பலகை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினேன். பிள்ளை தூளியில் தூங்கினாள். எங்கள் தெருக்குழாயில் ஏழு மணிக்கு வருகிற தண்ணீர் அரைமணி நேரம்தான். பத்தடி தூரம்தானே என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குடத்தோடு போனேன். ஒரு தாய் அப்படிப் போகலாமா என்று கேட்காதீர்கள். என்னை நானே கேட்டுக்கொண்டது போதும்.

குடம் நிரம்புகிற நேரம் ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது. எங்கள் வீட்டுக்குள் கதவு அறைகிற சத்தம் குழாயடி வரைக்கும் கேட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உள்ளறைக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. குடத்தை இறக்கிவிட்டுத் தோளால் இடித்தேன். சுவரை இடித்த மாதிரி இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட யாரும் இல்லை. குனிந்து கதவின் அடியில் விரலை விட்டேன். உள்பக்கம் பலகை கட்டை விரல் உயரத்துக்கு எழும்பி முட்டுக்கொடுத்து நின்றது. காற்று கதவை அதன் மேலே ஏற்றி இந்தப் பக்கம் தள்ளிவிட்டது; கதவு தாண்டியதும் பலகை அதன் பின்னால் எழும்பிக்கொண்டது. உள்பக்கம் திறக்கிற கதவு இனி உள்ளே போக வழியில்லை.

 'பிள்ளை தூங்குது, தூங்குது' என்று சொல்லிக்கொண்டே சந்துப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன்.

பிள்ளை தூங்கவில்லை. கதவு அறைந்த சத்தத்தில் விழித்து, தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத தூளியிலிருந்து நழுவி இறங்கி உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"பூங்கொடி, இங்க வா கண்ணு! அம்மாகிட்ட வா!"

திரும்பிப் பார்த்துவிட்டு வயிற்றைத் தரையில் வைத்தாள். அந்தத் தரையில் அவள் எப்படிப் போவாள் என்று எனக்குத் தெரியும். பழைய தரையாக இருந்தால் முட்டி வலித்து நாலு இடத்தில் நின்றிருப்பாள். இது அவளுக்காகவே வழவழவென்று போட்ட தரை. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக்கொண்டு நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. குழாயடியில் இருந்த கண்ணுசாமியண்ணன் பட்டறைக்குச் சைக்கிளில் பறந்தார். பாவாயியக்கா என் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

குடத்தை வாங்கிக் கம்பி இடுக்கில் வைத்து வீசினேன். தண்ணீர் பாதி வழியில் விழுந்தது. பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினாள். இரண்டாவது வீச்சு சாமி படத்தை நனைத்தது. அவள் விளக்கின் தண்டைப் பிடித்துவிட்டாள். விளக்கு ஆடியது. சுடர் அவள் முகத்துக்கு நேராகச் சாய்ந்து நிமிர்ந்தது.  யாரோ ஒரு வாளியை என் கையில் திணித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன்.

விளக்கு அணைந்தது. அறை இருட்டாயிற்று. பிள்ளை வீறிட்டாள். அப்புறம் அந்த அழுகையும் நின்றது.

அழுதால் உயிரோடு இருக்கிறாள். அழாவிட்டால்? அந்த நிமிஷத்தை என்னால் இப்போதும் நினைக்க முடியவில்லை. கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்ததை நான் பார்க்கவில்லை. மேலே ஓடு சரிகிற சத்தமும், உள்ளே தொப்பென்று குதிக்கிற சத்தமும்தான் கேட்டன.

"வசந்தா, புள்ள என்ற கையில இருக்குது. நல்லாருக்குது. வெரலச் சப்பிக்கிட்டிருக்குது. அழுவாத" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. நான் அங்கேயே சந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பிள்ளையைத் தர முடியாது. கடப்பாரையைத்தான் கொடுத்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போட்ட தரையை மூன்று நிமிஷத்தில் பேர்த்தார்.  கதவு திறந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். முழுக்க நனைந்திருந்தாள். ஒரே ஒரு விரலில் சின்னக் கொப்புளம்.

ஆட்கள் உள்ளே வந்தார்கள். பாவாயியக்கா அரிக்கேன் விளக்கைப் பிடித்தது. "தண்ணிய வீசி அணைச்சாளே, என்ன சமத்து!" என்று ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். அவர் உடைந்த பலகை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் ஊறி உப்பியிருந்தது. அதில் பச்சைப் பச்சையாகக் கோடு. நடுவில் ஒரு வைக்கோல் துணுக்கு. கட்டை விரலால் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"ஏப்பா சென்னியப்பா, கதவு எப்படி மாட்டுச்சு?" என்று கேட்டார் கண்ணுசாமியண்ணன்.

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்ற தப்புதானுங்ணா. செவுத்தோரம் ஒரு வெரக்கடை எடம் உட்டிருக்கோணும். லாரித் தளமாட்ட இறுக்கிப் போட்டுட்டன். ஆடி ஈரத்துக்கு ஊதிருச்சு."

சாயங்காலத்திலிருந்து பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.  பாவாயியக்கா அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு அரிக்கேன் விளக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

எல்லாரும் போனபின் சொன்னேன். "நான்தானுங்க ஊத்துனன். ரெண்டு வாளி."

"தெரியுது."

"அப்பறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பலகை போட்டவன் மேல பழி வந்தா நாலு நாளைக்குப் பேசுவாங்க. பெத்தவ மேல வந்தா இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறவரைக்கும் பேசுவாங்க. போய்ச் சோத்தப் போடு."

ஆனால் நாலு நாளில் அடங்கவில்லை. மறுவாரம் பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர், பாடி கட்டச் சொல்லியிருந்த லாரியை வேறு பட்டறைக்கு ஓட்டிப் போய்விட்டார். 'உன்ற ஊட்டுக் கதவே தெறக்கலியாமா' என்று கேட்டாராம். அதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த வெள்ளி சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். முன்னால் நின்ற ஆத்தாயி சொல்லிக்கொண்டிருந்தாள்: "சென்னியப்பன் கட்டுன லாரியில ஏறுனா எறங்கறதுக்கு ஓட்டப் பிரிக்கோணுமாமா!" எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தில் பாவாயியக்காவும் இருந்தது. அது சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. குடத்தைத் தரையில் டங்கென்று வைத்தேன்.

"அவரு போட்ட தரையில ஒரு குத்தமும் இல்ல. தண்ணி ஊத்தாதேன்னு சொன்னாரு. நான்தான் ஊத்துனன். சாணித் தண்ணி, ரெண்டு வாளி. அதுலதான் ஊதிக் கதவு மாட்டுச்சு. என்ற புள்ளைய நான்தான் உள்ள வெச்சுப் பூட்டுனன். இனிமே சிரிக்கறதுன்னா என்னயப் பாத்துச் சிரிங்க."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆத்தாயி வாயில் கை வைத்தாள். பாவாயியக்கா குடத்தைக் கீழே இறக்கிவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அடிப்பாவி! போர்டுத் தரையில போயிச் சாணி ஊத்தச் சொல்லி எவ உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள் ஆத்தாயி.

பிள்ளை பாவாயியக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்த விரலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"யாரும் சொல்லல. எனக்கேதான் தோணுச்சு" என்றேன்.